ராபர்ட் மெக்காரிசன்

சர் ராபர்ட் மெக்காரிசன் (மார்ச் 15, 1878 – மே 18, 1960) அயர்லாந்தில் பிறந்த மருத்துவரும் உணவூட்ட ஆய்வாளரும் ஆவார். இவர் 1901 முதல் 1935 வரை இந்திய மருத்துவப் பணியில் இருந்தார். நீலகிரி மாவட்டத்திலுள்ள குன்னூரில் 1918 ஆம் ஆண்டில் ஒரே ஓர் அறையில் இவர் தொடங்கிய பெரிபெரி நோய் ஆய்வுப் பிரிவே பிற்காலத்தில் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

குறைபாடுள்ள உணவு உடலின் மற்ற உறுப்புகளை மட்டுமன்றி, உணவை ஏற்றுச் செரிக்கும் குடலையும் சிதைக்கிறது என்பதை இவர் விலங்கு ஆய்வுகளின் வழியே காட்டினார். இந்தியாவின் பல்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை எலிகளுக்கு அளித்து இவர் நடத்திய ஒப்பீட்டு ஆய்வு உலகளவில் பேசப்பட்டது. குடலில் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் எலும்பின் உறுதிக்கும் உள்ள தொடர்பு ஆராயப்பட்டுவரும் இக்காலத்தில், உணவு, குடல், உடல்நலம் ஆகிய மூன்றையும் ஒன்றாக நோக்கிய முன்னோடிகளுள் ஒருவராக இவரைக் கருதலாம்.

பிறப்பும் கல்வியும்

மெக்காரிசன் இன்றைய வட அயர்லாந்தின் ஆர்மா கவுண்டியைச் சேர்ந்த போர்ட்டடவுன் என்னும் ஊரில் பிறந்தார். பெல்பாஸ்டிலுள்ள குயின்ஸ் கல்லூரியில் மருத்துவம் பயின்று 1900 ஆம் ஆண்டில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்த ஆண்டில் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23. 1911 ஆம் ஆண்டில் எலன் ஸ்டெல்லா ஜான்ஸ்டன் என்பவரை மணந்தார். இவர்களுக்குக் குழந்தைகள் இல்லை.

சித்ரால்

இந்தியா வந்த மெக்காரிசன், வடமேற்கு எல்லையிலுள்ள சித்ரால் பகுதியில் மலைக்கணவாய்களைக் காத்துவந்த படைப்பிரிவின் மருத்துவராக அமர்த்தப்பட்டார். ஒவ்வொரு கோடையிலும் வீரர்களை வாட்டிய மூன்று நாள் காய்ச்சலை அவர் தனியொரு நோயாக அடையாளம் கண்டார். இது மணல் ஈயின் கடியால் பரவக்கூடும் என்று கருதித் தம் குறிப்புகளை 1906 ஆம் ஆண்டில் வெளியிட்டார். சில ஆண்டுகளுக்குள் ஆஸ்திரிய மருத்துவர்கள் பால்கன் பகுதியில் நடத்திய ஆய்வுகள் மணல் ஈயே இந்நோயைப் பரப்புகிறது என்பதை உறுதி செய்தன.

கில்கித்தும் கழுத்துக் கழலையும்

1904 முதல் 1911 வரை மெக்காரிசன் கில்கித் முகமையின் மருத்துவராகப் பணியாற்றினார். அங்குக் கழுத்துக் கழலை நோய் மிகுதியாகக் காணப்பட்டது. தைராய்டுச் சுரப்பி வீங்குவதால் தோன்றும் இந்நோயின் காரணத்தை அறிய அவர் ஊர்தோறும் சென்று கணக்கெடுத்தார். ஒரே ஓடையின் நீரை அடுத்தடுத்துப் பயன்படுத்திய சிற்றூர்களில், ஓடை கீழே இறங்க இறங்க நோயுற்றோரின் விகிதம் உயர்ந்துகொண்டே சென்றது. தனி ஊற்றிலிருந்து நீர் எடுத்த ஊரில் நோய் இல்லை. மேலே உள்ள ஊர்களின் கழிவுகள் ஓடையில் கலந்து கீழுள்ள ஊர்களுக்கு வருவதை அவர் கவனித்தார்.

இதைச் சோதிக்க அவர் மனிதர்களையே கொண்டு ஆய்வு செய்தார். அவ்வோடை நீரிலிருந்து வடித்தெடுத்த படிவைத் தாமும் அருந்தினார், தன்னார்வலர்களும் அருந்தினர். சில வாரங்களில் அவர்களுள் சிலருக்குத் தைராய்டு வீங்கியது. அதே படிவைக் கொதிக்கவைத்து அருந்தியவர்களுக்கு வீக்கம் தோன்றவில்லை. ஆகவே நோயை உண்டாக்குவது வெப்பத்தில் அழியக்கூடிய ஓர் உயிர்ப்பொருள் என்றும், அது குடலில் தங்கி நச்சை உண்டாக்குகிறது என்றும் அவர் முடிவு செய்தார். குடலைத் தூய்மையாக்கும் தைமால் முதலிய மருந்துகளையும், குடல் நுண்ணுயிரிகளிலிருந்து செய்த தடுப்பூசியையும் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்.

குடலே பல நோய்களின் ஊற்றுக்கண் என்ற கருத்து அக்காலத்தில் வலுவாக இருந்தது. பாரிசின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய உருசிய அறிவியலாளர் இலியா மெச்னிக்கோவ், பெருங்குடலில் வாழும் தீய நுண்ணுயிரிகளே முதுமையை விரைவுபடுத்துகின்றன என்றும், புளித்த பாலிலுள்ள நுண்ணுயிரிகள் அவற்றை அடக்கும் என்றும் 1907 ஆம் ஆண்டளவில் எழுதினார். இன்று புரோபயாட்டிக் எனப்படும் நலம்தரு நுண்ணுயிரிகள் பற்றிய ஆய்வுக்கு இதுவே தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. மெக்காரிசனின் கழலை ஆய்வும் இதே காலச் சூழலில் எழுந்ததாகும்.

கழலை ஆய்வுக்காக 1911 ஆம் ஆண்டில் அவருக்குக் கெய்சர்-இ-இந்து தங்கப் பதக்கம் வழங்கப்பட்டது. 1913 ஆம் ஆண்டில் இலண்டன் அரச மருத்துவர் கல்லூரியில் மில்ராய் சொற்பொழிவுகளை நிகழ்த்தினார். அதே ஆண்டில் கசௌலியிலுள்ள மத்திய ஆராய்ச்சி நிறுவனத்தில் கழலை ஆய்வைத் தொடர்ந்தார்.

எனினும் இந்நோயின் முதன்மைக் காரணம் அயோடின் குறைபாடே என்பது பின்னர் தெளிவாயிற்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் டேவிட் மரைன், ஆலிவர் கிம்பால் ஆகியோர் 1917 ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணவியருக்கு அயோடின் அளித்து நடத்திய ஆய்வு இதற்கு வலுச் சேர்த்தது. இந்தியாவில் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் 1956 ஆம் ஆண்டில் வி. இராமலிங்கசுவாமி குழுவினர் தொடங்கிய ஆய்வு, அயோடின் கலந்த உப்பு கழலையைக் குறைக்கும் என்று காட்டியது. 1962 ஆம் ஆண்டில் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது.

ஹுன்சா மக்கள்

கில்கித் முகமைக்குட்பட்ட ஹுன்சா பள்ளத்தாக்கு மக்களின் உடல்நலம் மெக்காரிசனை வியக்கச் செய்தது. கோதுமை, வாற்கோதுமை, சோளம், கீரை, காய்கறிகள், சர்க்கரைப் பாதாமி போன்ற பழங்கள், ஆட்டுப்பால், தயிர், மோர் ஆகியவையே அவர்களின் உணவு. இறைச்சி அரிதாகவே உண்ணப்பட்டது. தாம் அங்குப் பணியாற்றிய ஆண்டுகளில் செரியாமை, வயிற்றுப்புண், குடல்வால் அழற்சி போன்ற நோய்களை அம்மக்களிடம் காணவில்லை என்று அவர் பிற்காலத்தில் பதிவு செய்தார். நோயை மட்டும் ஆராயாமல் நலத்தின் காரணத்தையும் ஆராய வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இங்குதான் உருவாயிற்று.

குன்னூர் வருகை

முதல் உலகப் போரில் பணியாற்றிய பின், 1918 ஆம் ஆண்டில் மெக்காரிசன் பெரிபெரி நோயை ஆராயும் பொறுப்புடன் குன்னூருக்கு வந்தார். ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலுள்ள இவ்வூரில் தென்னிந்தியப் பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இயங்கிவந்தது. வெறிநாய்க்கடி மருத்துவத்துக்காக அமைக்கப்பட்ட அந்நிறுவனத்தில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டது.

பெரிபெரி நோயில் கால்கள் வலுவிழந்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து இறப்பு நேரலாம். தீட்டிய அரிசியை மட்டும் உண்ட கோழிகளுக்கு இதையொத்த நரம்பு நோய் ஏற்படுவதை டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான் சாவகத்தில் 1890களில் கண்டறிந்திருந்தார். அரிசியின் தவிட்டிலுள்ள சத்து நீங்குவதே காரணம் என்பது பின்னர் புலனாயிற்று. 1912 ஆம் ஆண்டில் காசிமிர் ஃபங்க் இத்தகைய சத்துகளுக்கு வைட்டமின் என்று பெயரிட்டார். தமிழில் இவை உயிர்ச்சத்துகள் எனப்படுகின்றன.

சென்னை மாகாணத்தில் இந்நோய் வடக்கிலிருந்த தெலுங்குக் கடலோர மாவட்டங்களிலேயே மிகுதியாக இருந்தது. தமிழ் மாவட்டங்களிலும் அரிசியே முதன்மை உணவாக இருந்தபோதிலும் நோய் அரிதாகவே காணப்பட்டது. வடக்கில் ஆலைகளில் தீட்டிய பச்சரிசியும், தெற்கில் பெரும்பாலும் புழுங்கல் அரிசியும் உண்ணப்பட்டன. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உட்பகுதிக்குச் செல்கிறது. அதன்பின் தீட்டினாலும் அது முழுவதும் நீங்குவதில்லை. தலைமுறை தலைமுறையாக நெல்லை அவித்துக் குத்திவந்த வீட்டு வழக்கம், காரணம் அறியப்படாமலேயே ஒரு கொடிய நோயைத் தடுத்து நின்றது. அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பு பற்றி மெக்காரிசன், ரோலண்ட் நாரிஸ் என்பவருடன் இணைந்து 1924 ஆம் ஆண்டில் விரிவான ஆய்வேட்டை வெளியிட்டார்.

குடலும் சத்துக்குறைவும்

குன்னூரில் மெக்காரிசன் நடத்திய முதல் பெரிய ஆய்வுகள் புறாக்களையும் குரங்குகளையும் கொண்டவை. உயிர்ச்சத்து நீங்கிய உணவு உடலின் ஒவ்வோர் உறுப்பையும் எவ்வாறு மாற்றுகிறது என்பதை அவர் உடற்கூறு நோக்கில் ஆராய்ந்தார். அக்கால ஆய்வாளர் பலர் நரம்பு நோயின் மீதே கருத்தைச் செலுத்தினர். மெக்காரிசனோ குடலைத் திறந்து பார்த்தார்.

அழுத்தக் கொதிகலனில் நெடுநேரம் வேகவைத்த அரிசியை உண்ட குரங்குகளுக்கு வயிற்றுப்போக்கும் சீதபேதியும் ஏற்பட்டன. அதே சூழலில் நல்ல உணவு உண்ட குரங்குகள் நலமாக இருந்தன. நோயுற்ற விலங்குகளின் குடற்சுவர் மெலிந்திருந்தது, உட்சவ்வு புண்பட்டிருந்தது, சீரண நீரைச் சுரக்கும் அமைப்புகள் சுருங்கியிருந்தன, குடலை இயக்கும் நரம்புப் பின்னலும் சிதைந்திருந்தது. குடலுக்குள் அடங்கியிருக்க வேண்டிய நுண்ணுயிரிகள் சில விலங்குகளில் குருதிக்குள் புகுந்திருந்தன.

இதிலிருந்து அவர் முக்கியமான ஒரு முடிவுக்கு வந்தார். ஒரே நுண்ணுயிரி நன்கு உண்டவரிடம் தீங்கின்றித் தங்குகிறது. சத்துக்குறைவுற்றவரிடம் நோயை உண்டாக்குகிறது. ஆகவே நுண்ணுயிரியை மட்டும் குற்றஞ்சாட்டுவது போதாது. அது தங்கும் குடலின் நிலையையும் கருத வேண்டும். கில்கித்தில் குடல் நுண்ணுயிரிகளை மருந்தால் அழிக்க முயன்ற அவரே, குன்னூரில் உணவால் குடலைக் காப்பதே முதன்மையானது என்ற நிலைக்கு வந்தது குறிப்பிடத்தக்கது.

1920 ஆம் ஆண்டில் உடல்நலம் குன்றி இங்கிலாந்து சென்ற மெக்காரிசன், ஆக்சுபோர்டில் சார்ல்ஸ் செரிங்டனின் ஆய்வகத்தில் பணியைத் தொடர்ந்தார். 1921 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், குறையுள்ள உணவுக்கும் வயிறு, குடல் கோளாறுகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி மெல்லன் சொற்பொழிவை நிகழ்த்தினார். சத்துக்குறை நோய்களைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலும் அதே ஆண்டில் வெளிவந்தது.

ஆய்வு நிறுத்தமும் மீட்சியும்

மெக்காரிசன் இந்தியா திரும்பிய பின் அவருடைய ஆய்வுக்கு எதிர்பாராத தடை ஏற்பட்டது. போருக்குப் பிந்தைய நிதி நெருக்கடியைச் சமாளிக்க அமைக்கப்பட்ட இஞ்ச்கேப் குழு அரசுச் செலவுகளைக் குறைக்கப் பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1923 ஆம் ஆண்டில் குன்னூர் ஆய்வு நிறுத்தப்பட்டது. 1925 ஆம் ஆண்டில் சத்துக்குறை நோய்கள் ஆய்வு என்ற பெயரில் மீண்டும் தொடங்கியது. 1928 ஆம் ஆண்டில் அது ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக உயர்ந்தது. மெக்காரிசன் அதன் முதல் இயக்குநரானார். இடையில் இந்திய வேளாண்மைக்கான அரச ஆணையத்தின் முன் சான்றளித்த அவர், இந்திய மக்களின் உடற்திறனைக் குறைக்கும் காரணங்களுள் சத்துக்குறைவே தலையாயது என்று வலியுறுத்தினார்.

எலிகளைக் கொண்ட உணவு ஒப்பீடு

மெக்காரிசனின் ஆய்வுகளுள் மிகவும் அறியப்பட்டது, இந்திய உணவுகளை ஒப்பிட்ட எலி ஆய்வாகும். ஒரே வயதும் எடையும் உள்ள வெள்ளெலிகளைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு தொகுதிக்கும் இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் உணவை அவர்கள் சமைக்கும் முறையிலேயே சமைத்து அளித்தார். தூய்மை, இடவசதி, காற்றோட்டம் ஆகியவை எல்லாத் தொகுதிகளுக்கும் ஒன்றாகவே இருந்தன.

ஆய்வின் முடிவில் எலிகளின் சராசரி எடை பின்வருமாறு அமைந்தது:

சீக்கியர் உணவு – 235 கிராம்
பட்டாணியர் உணவு – 230 கிராம்
மராட்டியர் உணவு – 225 கிராம்
கூர்க்கர் உணவு – 200 கிராம்
கன்னடர் உணவு – 185 கிராம்
வங்காளியர் உணவு – 180 கிராம்
சென்னை மாகாணத்தார் உணவு – 155 கிராம்

சீக்கியர் உணவில் முழுக்கோதுமை சப்பாத்தி, பால், தயிர், மோர், நெய், பருப்பு, கீரை, காய்கறிகள், எப்போதாவது இறைச்சி ஆகியவை இடம்பெற்றன. சென்னை மாகாணத்தார் உணவில் கழுவிய தீட்டிய அரிசியே பெரும்பகுதியாக இருந்தது. பாலும் பால்பொருள்களும் மிகக் குறைவாக இருந்தன. எடையில் மட்டுமன்றி, உடல் வளர்ச்சியிலும் நோய் எதிர்ப்பிலும் இவ்வேறுபாடு தெரிந்தது.

ஆய்வகத்தின் இனப்பெருக்க எலிகளுக்கும் சீக்கியர் உணவையொத்த உணவே வழங்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக, ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளை அறுத்துச் சோதித்தபோது நோயின் அடையாளம் ஏறக்குறைய இல்லை என்று அவர் குறிப்பிட்டார். மற்றோர் ஆய்வில், இங்கிலாந்தின் ஏழைத் தொழிலாளர் உணவான வெள்ளை ரொட்டி, மார்கரின், இனிப்பிட்ட தேநீர், வேகவைத்த முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, தகரத்தில் அடைத்த இறைச்சி, பழப்பாகு ஆகியவற்றை எலிகளுக்கு அளித்தார். அவை குன்றி வளர்ந்தன, நுரையீரல் நோய்களுக்கும் குடல் நோய்களுக்கும் ஆளாயின, வளர்ப்போரைக் கடித்தன, இரண்டு மாத அளவில் வலிமையற்றவற்றை மற்றவை கொன்று தின்னத் தொடங்கின. இதனால் குறைபாடு இந்திய உணவுக்கு மட்டும் உரியதன்று என்பதும் வெளிப்பட்டது.

திருவிதாங்கூர் உணவும் வயிற்றுப்புண்ணும்

இந்தியாவின் தென்முனையில் வயிற்றுப்புண் நோய் மிகுதியாக இருந்தது. அக்காலத்தில் திருவிதாங்கூர் அரசிலும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்திலும் உள்ள நெய்யூரில், இலண்டன் மிஷன் மருத்துவமனையில் பணியாற்றிய தியோடர் ஹோவர்டு சோமர்வெல் இந்நோய்க்காகப் பெரும் எண்ணிக்கையில் அறுவை மருத்துவம் செய்தார். எவரெஸ்டு மலையேற்றக் குழுக்களில் 1922, 1924 ஆம் ஆண்டுகளில் இடம்பெற்றவர் இவரே.

அப்பகுதி ஏழை மக்கள் மரவள்ளிக்கிழங்கையும் அரிசியையும் பெரிதும் நம்பியிருந்தனர். மெக்காரிசன் அவ்வுணவைக் குன்னூரில் எலிகளுக்கு அளித்தபோது, நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றுக்கு இரைப்பைப் புண் தோன்றியது. சென்னை மாகாணத்தார் உணவை உண்டவற்றுள் குறைந்த அளவில் தோன்றியது. சீக்கியர் உணவை உண்டவற்றுக்குத் தோன்றவில்லை. மனிதரின் வயிற்றுப்புண்ணுக்கு ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிரி முதன்மைக் காரணமாவது 1980களில் ஆஸ்திரேலியாவில் கண்டறியப்பட்டது. நோயின் தோற்றத்தில் நுண்ணுயிரி, உணவு ஆகிய இரண்டின் பங்கும் இன்றும் ஆராயப்படுகிறது.

எருவும் தானியமும்

மண்ணின் வளம் தானியத்தின் சத்தைப் பாதிக்கிறதா என்பதையும் மெக்காரிசன் ஆராய்ந்தார். கோயம்புத்தூரில் அரசு வேளாண் வேதியியலாளராக இருந்த பி. விசுவநாத்துடன் இணைந்து 1920களின் நடுவில் இவ்வாய்வை நடத்தினார். தொழுவுரம் இட்டு விளைந்த தானியம், வேதியுரம் மட்டும் இட்டு விளைந்ததைவிடச் சத்து மிகுந்தது என்று அவர்கள் முடிவு கூறினர். பின்னாளில் ஆல்பர்ட் ஹோவர்டு முதலிய இயற்கை வேளாண்மை முன்னோடிகள் இம்முடிவை எடுத்துக்காட்டினர்.

ஓய்வும் இறுதிக் காலமும்

1933 ஆம் ஆண்டில் மெக்காரிசனுக்குச் சர் பட்டம் வழங்கப்பட்டது. 1935 ஆம் ஆண்டில் மேஜர் ஜெனரல் தகுதியுடன் ஓய்வு பெற்று ஆக்சுபோர்டில் குடியேறினார். 1936 ஆம் ஆண்டில் இலண்டன் அரச கலைக் கழகத்தில் மூன்று கேன்டர் சொற்பொழிவுகளை நிகழ்த்தி, தம் இந்திய ஆய்வுகளின் சாரத்தை எடுத்துரைத்தார். இரண்டாம் உலகப் போரின்போது அவசரகால மருத்துவச் சேவையில் பணியாற்றினார். 1945 முதல் 1955 வரை ஆக்சுபோர்டில் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வியின் இயக்குநராக இருந்தார். அவருடைய ஆய்வேடுகளை எச். எம். சின்கிளேர் 1953 ஆம் ஆண்டில் தொகுத்து வெளியிட்டார். மே 18, 1960 அன்று தமது 82 ஆம் வயதில் ஆக்சுபோர்டில் காலமானார்.

எலும்பு நலமும் பின்னாளைய ஆய்வுகளும்

மெக்காரிசன் எலும்பையும் குடல் நுண்ணுயிரிகளையும் இணைத்து ஆராய்ந்தவரல்லர். ஆயினும் அவர் எழுப்பிய வினாக்களின் தொடர்ச்சி இத்துறையில் உள்ளது.

முதல் தொடர்ச்சி குன்னூரிலேயே நிகழ்ந்தது. அவருக்குப் பின் இயக்குநரான வாலஸ் அய்க்ராய்டு, அரிசி உணவில் கால்சியம் மிகக் குறைவாக இருப்பதைச் சுட்டிக்காட்டினார். 100 கிராம் தீட்டிய அரிசியில் ஏறத்தாழ 10 மில்லிகிராம் கால்சியமே உள்ளது. அதே அளவு கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கும் மேல் உள்ளது. அரிசி உணவு உண்ட பள்ளிக் குழந்தைகளுக்குக் கொழுப்பு நீக்கிய பாலையும் கால்சியம் லாக்டேட்டையும் அளித்து, அவர்களின் வளர்ச்சி கூடுவதை அய்க்ராய்டும் பி. ஜி. கிருஷ்ணனும் 1930களின் பிற்பகுதியில் காட்டினர். உடலின் கால்சியத்தில் ஏறத்தாழ 99 விழுக்காடு எலும்பிலும் பல்லிலும் இருப்பதால், எலும்பு வளர்ச்சிக்கு இது இன்றியமையாதது.

சென்னை மாகாணத்தார் உணவு என்று மெக்காரிசன் வகுத்தது ஒரு பொதுமாதிரியே. மாகாணம் முழுவதும் ஒரே உணவு இருந்ததில்லை. வறண்ட மாவட்டங்களில் கேழ்வரகும் கம்பும் உண்ணப்பட்டன. அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த திருச்செந்தூர், தூத்துக்குடி முதலிய கடற்கரை ஊர்களில் மீனும் கருவாடும் அன்றாட உணவாக இருந்தன. நெத்திலி போன்ற சிறுமீன்களை முள்ளோடு உண்ணும்போது கால்சியம் கிடைக்கிறது. ஆதலால் பால் குறைந்த உணவெல்லாம் ஒரே அளவில் கால்சியம் குறைந்தது என்று கொள்ளலாகாது.

இரண்டாவது தொடர்ச்சி குடல் நுண்ணுயிரிகள் பற்றியது. எலும்பு வாழ்நாள் முழுவதும் புதுப்பிக்கப்படுகிறது. ஒருவகை உயிரணுக்கள் பழைய எலும்பை அரிக்கின்றன. மற்றொரு வகை புதிய எலும்பைக் கட்டுகின்றன. அரிப்பு மிகும்போது எலும்புப்புரை நோய் உண்டாகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இது மிகுதி. நுண்ணுயிரிகளே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் எலும்புத் திணிவு, இயல்பான எலிகளுடையதினும் மிகுந்திருப்பதைச் சுவீடனின் கோதன்பர்க் ஆய்வாளர்கள் 2012 ஆம் ஆண்டில் கண்டனர். ஈஸ்ட்ரோசன் குறையும்போது குடற்சுவரின் காப்பு தளர்ந்து, அதனால் தூண்டப்படும் அழற்சி எலும்பை அரிக்கிறது என்றும், லாக்டோபேசில்லசு வகை நுண்ணுயிரிகளை அளித்தால் இவ்விழப்பு குறைகிறது என்றும் 2016 ஆம் ஆண்டில் வெளியான எலி ஆய்வு ஒன்று தெரிவித்தது. குடற்சுவரின் காப்பு தளர்வதால் உடலின் பிற பகுதிகள் துன்புறுகின்றன என்பது மெக்காரிசனின் குரங்கு ஆய்வுகளை நினைவூட்டுவதாகும்.

மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் இன்னும் ஒருமித்தவையாக இல்லை. 75 முதல் 80 வயது வரையுள்ள 90 சுவீடன் பெண்களிடம் லாக்டோபேசில்லசு ராய்ட்டரியைக் கொண்டு ஓராண்டு நடந்த ஆய்வு 2018 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் கீழ்க்கால் எலும்பின் அடர்த்தி இழப்பு, போலி மருந்து பெற்றவர்களிடம் 1.85 விழுக்காடாகவும், நுண்ணுயிரியைப் பெற்றவர்களிடம் 0.83 விழுக்காடாகவும் இருந்தது. 2019 ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில், மாதவிடாய் நின்ற தொடக்க ஆண்டுகளிலிருந்த 249 பெண்களிடம் மூன்று லாக்டோபேசில்லசு வகைகளின் கலவை முதுகெலும்பு இழப்பைத் தடுத்தது. ஆனால் 239 பெண்களிடம் இரண்டு ஆண்டுகள் நடந்து 2024 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ராய்ட்டரி வகையால் எலும்பு இழப்பு குறையவில்லை. ஆகவே எலும்புப்புரைக்கு மருந்தாக நலம்தரு நுண்ணுயிரிகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை. ஒரு வகை நுண்ணுயிரியின் பயனை மற்றொரு வகைக்கு ஏற்றிக் கூறுவதும் பொருந்தாது.

வீட்டில் உறையூற்றும் தயிரில் உயிருள்ள லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் உள்ளன. எனினும் அவற்றின் வகையும் எண்ணிக்கையும் வீட்டுக்கு வீடு மாறுபடும் என்பதால், ஆய்வுகளில் பயன்பட்ட நுண்ணுயிரிகளுக்கு அதை ஈடாகக் கொள்ள இயலாது. ஆனால் தயிர் கால்சியமும் புரதமும் தருகிறது. பால்வெல்லம் செரியாதவர்களும் பெரும்பாலும் தயிரை ஏற்க முடிகிறது. நீரூற்றிப் புளிக்கவைத்த பழைய சோற்றிலும் இத்தகைய நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. எனினும் சோற்றின் கால்சியக் குறையை அது மட்டும் நிரப்பாது. அதனுடன் சேரும் தயிரோ மோரோ சிறுமீனோ கேழ்வரகோதான் நிரப்ப வேண்டும். ஒரு தனிச் சத்தையன்றி முழு உணவையும் நோக்க வேண்டும் என்பதே மெக்காரிசனின் எலி ஆய்வு கூறியதும் ஆகும்.

திறனாய்வுகள்

மெக்காரிசனின் கருத்துகள் மீது பல திறனாய்வுகள் உள்ளன. எலிகளின் வளர்ச்சி வேறுபாட்டிலிருந்து மக்கள் பிரிவினரின் உடற்திறன் வேறுபாட்டை விளக்க அவர் முற்பட்டது, போர்க்குடிகள் என்று சிலரைப் பிரித்துப் பார்த்த குடியேற்றவாதச் சிந்தனையின் தாக்கத்தைக் காட்டுகிறது என்பர். வேலை, நோய், வறுமை ஆகியவற்றின் பங்கு இதில் போதிய அளவு கருதப்படவில்லை. மக்கள் பாலும் நெய்யும் உண்ணாதது அறியாமையால் மட்டுமன்று. வாங்க இயலாமையாலும் ஆகும் என்பது மற்றொரு திறனாய்வு.

ஹுன்சா மக்களைப் பற்றிய அவருடைய குறிப்புகளைப் பிறர் மிகைப்படுத்தினர். அம்மக்கள் நூறு ஆண்டுகளுக்கும் மேல் நோயின்றி வாழ்வதாக மேலை நாடுகளில் நூல்கள் எழுந்தன. இத்தகைய கூற்றுகளுக்கு நம்பத்தக்க பிறப்புப் பதிவுகள் இல்லை.

எழுதிய நூல்கள்

உள்ளூர்க் கழுத்துக் கழலையின் காரணம் (1913)
நலத்திலும் நோயிலும் தைராய்டுச் சுரப்பி (1917)
சத்துக்குறை நோய் ஆய்வுகள் (1921)
உணவு – பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்குமான அறிமுக நூல் (1928)

நினைவு

குன்னூர் ஆய்வுக்கூடம் 1958 ஆம் ஆண்டில் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டது. 1969 ஆம் ஆண்டில், பொன்விழாவின்போது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரைப் பெற்றது. பிரித்தானியாவில் 1966 ஆம் ஆண்டில் மெக்காரிசன் கழகம் நிறுவப்பட்டது. இந்தியாவில் உணவூட்ட ஆய்வின் தொடக்க ஆண்டாக, குன்னூரில் அந்த ஓர் அறை திறக்கப்பட்ட 1918 ஆம் ஆண்டே கொள்ளப்படுகிறது.